ஒருத்தரும் இல்லாத ஊர்

"அங்கை ஆர் இருக்கினம்?"

பெனடிக்ற் கேட்ட முதல் கேள்வி இதுதான். அல்கேரோ எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்கவில்லை. எத்தனை மணித்தியாலம் பறக்கவேண்டும், வெயில் எப்படி, ஒன்றும் கேட்கவில்லை. ஆர் இருக்கினம்.

"ஒருத்தரும் இல்லை," என்றாள் எமில்டா.

"பிறகு என்னத்துக்குப் போறது?"

தான் கேட்டதில் ஒரு பிழையும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. லண்டனில், ஹரோவில் அவரை அறிந்த எவருக்கும் தோன்றியிருக்காது. நம்முடைய ஆட்கள் ஊர் பார்க்கப் போவதில்லை, ஆள் பார்க்கத்தான் போவார்கள். பாரிஸ் என்றால் லாச்சப்பலில் சின்னம்மாவின் மகள். சூரிச் என்றால் மச்சான். ரொறன்ரோ என்றால் பாதி மன்னார். சொந்தம் ஒன்றும் இல்லாத ஊருக்குக் காசு கொடுத்துப் போகிறவன் ஒன்றில் வெள்ளைக்காரனாக இருக்கவேண்டும், அல்லது வீட்டில் கோபித்துக்கொண்டு வெளிக்கிட்டவனாக இருக்கவேண்டும்.

எமில்டாவுக்கு அறுபத்தாறு வயது. தொண்ணூற்றொன்றில் மன்னாரிலிருந்து வந்தவள். ஹரோவில் ஒரு ஆரம்பப் பாடசாலைக் குசினியில் இருபத்தாறு வருடம் நின்றவள். ஒவ்வொரு நாளும் முந்நூற்றிருபது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு, அதில் நாற்பது பேருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, ஒன்பது பேருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, மிச்சப்பேருக்கு மரக்கறி ஒத்துக்கொள்ளாது. மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் அங்கே பெனடிக்ற் இருப்பார். அவருக்குப் பாண் ஒத்துக்கொள்ளாது. இரவுக்குப் புட்டு வேண்டும்.

விடுமுறை என்றால் அவளுக்கு வேறொருவர் குசினி, அவ்வளவுதான். ஒஸ்லோவுக்குப் போனது ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு. நானூறு பற்றிஸ் பொரித்தாள். ஒஸ்லோவைப் பற்றி இன்றைக்கு அவளைக் கேட்டால், அந்த வீட்டு அடுப்பில் இடப்பக்கம் சூடாகாது என்று சொல்வாள், அதற்குமேல் தெரியாது. அவள் வெங்காயம் வெட்டும்போது பெனடிக்ற் ஹோலில் கால்மேல் கால் போட்டு, கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு, நோர்வே அரசாங்கம் எங்கே பிழை விட்டது என்று விளக்கிக்கொண்டிருப்பார். ஒரு நாட்டுக்கு வந்து மூன்று மணித்தியாலத்துக்குள் அதன் பிழையைக் கண்டுபிடிக்கிற கெட்டித்தனம் அவருக்கு இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வைக்கிற கெட்டித்தனம்தான் வாய்க்கவில்லை.

எமில்டாவும் லேசுப்பட்டவள் இல்லை. "எமில்டான்ரை கைக்கு ஒரு ருசி" என்று நாலு பேர் சொன்னால் போதும், களைப்பெல்லாம் பறந்துபோக, அடுத்த நாளும் விடிய எழும்பி இடியப்பத்துக்கு மாக் குழைப்பாள். அந்த ஒற்றை வசனத்துக்காக முப்பத்துமூன்று வருடம் ஐரோப்பா முழுக்கக் குனிந்து நின்றிருக்கிறாள். இதை நினைத்தபோது அவளுக்கு மற்றவர்கள்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல்தான் கூட ஆத்திரம் வந்தது. எவ்வளவு மலிவாக விலைபோயிருக்கிறேன்!

அல்கேரோவைக் கண்டது பல் டொக்டரின் இடத்தில். யாரோ படித்துக் கசக்கிப்போட்ட மூன்று வருடத்துக்கு முந்திய சஞ்சிகை. இத்தாலிக்குச் சொந்தமான சாடினியாத் தீவில் ஒரு பட்டினம். முந்நூற்றைம்பது வருடம் ஸ்பெயின் ராசாக்கள் வைத்திருந்தது. தெருப்பெயர்கள் இன்னமும் இத்தாலியனிலும் கத்தலானிலும் இரண்டு தரம் எழுதியிருக்கின்றன. கடலோரம் முழுக்கப் பழைய கோட்டை மதில். அதன்மேல் கதிரை போட்டு ஒரு பெண் சும்மா இருக்கிறாள். முன்னால் ஒரு பிளேற். அதில் என்ன இருந்தது என்று எமில்டா பார்க்கவில்லை. அதைச் சமைத்தது அந்தப் பெண் இல்லை என்பதை மட்டும் பார்த்தாள். தாளைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அப்படி ஒரு களவு அவள் அதற்குமுன் செய்ததில்லை.

மகள் மேனுஷா றெடிங்கில் இருந்தாள். அவள்தான் பதிந்து கொடுத்தாள். செப்ரெம்பரில் ஆறு இரவு, இரண்டு பேர், பழைய பட்டினத்துக்குள் ஒரு சின்ன ஹொட்டேல், கடல் பக்கம் பல்கனி, காலைச் சாப்பாடு அவர்களே தருவார்கள். "காலமைச் சாப்பாடு அவையே தருவினமோ?" என்று எமில்டா இரண்டு தரம் கேட்டாள். மேனுஷா சிரித்தாள். அம்மா பகிடி விடுகிறாள் என்று நினைத்தாள்.

ஜூலையில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற மனுசி ஒன்றைக் கேட்கும்போது மறுப்பது அழகில்லை என்று பெனடிக்ற் கடைசியில் இறங்கிவந்தார். ஒரு கட்டளையோடுதான்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். சனம் சிரிக்கும்."

எமில்டாவுக்கு அது தேனாக இருந்தது. சொல்லாமல் இருப்பதுதானே அவளுக்கும் வேண்டியது. ஆறு நாள், "எமில்டாக்கா, ஒருக்கா இஞ்சை வாங்கோ" என்று கூப்பிட ஒருத்தரும் இல்லாத ஆறு நாள். அந்த ஆறு நாளை அவள் எவ்வளவு ஆசையோடு வைத்திருந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பாத்திரம் கழுவும்போது எண்ணிப் பார்ப்பாள்.

கெடுத்தது அவளேதான்.

கத்தோலிக்கருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குச் சோதனை என்றால், ஒப்பரேஷன் என்றால், வீடு வாங்கினால், வாங்கின வீட்டில் தண்ணீர் ஒழுகினால், பூசைக்கு முன் கருத்துக் கொடுப்பார்கள். கொப்பியில் எழுதிக் கொடுத்தால் பூசையில் பெயர் சொல்லி மன்றாடுவார்கள். எமில்டாவுக்குப் பிளேன் பயம். கருத்துக் கொடுக்காமல் ஒருநாளும் பறந்ததில்லை. இரண்டாம் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முன் கோயில் வாசலில் நின்று, "ஒரு நல்ல பயணத்துக்காக" என்று மட்டும் எழுதினாள். பெயர்கூடச் சின்ன எழுத்தில்.

கருத்துக் கொப்பி சுவர்ணாவின் கையில் இருந்தது. பரிசுத்த ஆவிக்கு அடுத்தபடியாக அந்தக் கோயிலில் எல்லாம் அறிந்தவள் தானே என்பது சுவர்ணாவின் நினைப்பு.

"என்ன பயணம் அக்கா?"

"சும்மா ஒரு பயணம்."

"கருத்தைச் சரியாச் சொன்னால்தானே பாதர் சரியா மன்றாடலாம். எந்த ஊருக்கு எண்டு கடவுளுக்கும் தெரியவேணுமெல்லே."

கோயில் வாசலில் பொய் சொல்ல எமில்டா பயந்தாள். சொல்லிவிட்டாள். கடவுளுக்குப் பயந்து சுவர்ணாவிடம் உண்மை சொல்கிற முட்டாள்தனம் எங்களைத் தவிர உலகத்தில் வேறு எந்தச் சனத்துக்கு வரும்?

அரை மணித்தியாலம் கழித்து மைக்கில், "எமில்டா பெனடிக்ற் தம்பதியினர், ஓய்வுக்காலத்தை முன்னிட்டு இத்தாலி தேசத்தின் அல்கேரோ நகருக்கு மேற்கொள்ளவிருக்கும் பயணம் நலமே அமைய," என்று சுவர்ணாவின் குரல் தூண்களில் மோதித் திரும்பி வந்தது. பெனடிக்ற் மனுசியைத் திரும்பிப் பார்த்தார். எமில்டா பீடத்தைப் பார்த்தாள்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. அங்கேதான் எங்களுடைய ஞாயிறு உண்மையில் தொடங்கும்.

"அது லூர்துக்குக் கிட்டவோ?"

"ஆற்றை கலியாணம்?"

"மாதா அங்கை காட்சி குடுத்தவவோ?"

பெனடிக்ற் அவமானத்தில் நெளிந்தார். சொந்தம் இல்லாத ஊருக்குச் சும்மா போகிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் ஆன்மீகக் குழுவின் செயலாளர். ஒவ்வொரு வருடமும் லூர்துக்குப் பஸ் விடுகிறவர். அந்த நேரத்தில் சுவர்ணா கையில் கட்லெட்டோடு வந்து, "எங்களுக்குச் சொல்லாமல் நீங்கள் ரெண்டுபேரும் தனிய யாத்திரை போறியளோ அண்ணை?" என்று கேட்டாள்.

யாத்திரை! அவருடைய நெஞ்சு நிமிர்ந்தது.

"உங்களுக்குச் சொல்லாமல் போவமே? வடிவா விபரம் எடுத்திட்டுச் சொல்லுவமெண்டு இருந்தனாங்கள்," என்றார். கோயில் வாசலிலிருந்து பத்து அடி தூரத்தில் நின்றுதான் சொன்னார். ஒரு துளி வியர்வை இல்லை.

அதற்குப் பிறகு எமில்டா ஒன்றும் செய்யவேண்டி இருக்கவில்லை. எல்லாம் அவளுக்காகச் செய்யப்பட்டது. வட்சப்பில் ஒரு குழு முளைத்தது. "அல்கேரோ ஆன்மீகச் சுற்றுலா". இரண்டு கிழமைக்குள் இருபது பேர். பெனடிக்ற் தொலைபேசியில் பத்து நிமிடம் தேடிவிட்டு, அடுத்த கூட்டத்தில் ஸ்பெயின் சரித்திரத்தில் விரிவுரை நடத்தினார். "ஸ்பெயின்காரர் ஆண்ட இடம். ஸ்பெயின்காரர் எண்டால் கத்தோலிக்கர். அப்ப கோயில் கூட இருக்கும்." அவ்வளவுதான் சரித்திரம். ஊருக்கு வெளியே ஒரு மாதா கோயிலும் கண்டுபிடித்தார். யாத்திரை உறுதியாயிற்று.

பலெர்மோவில் இருக்கிற அவருடைய ஒன்றுவிட்ட தம்பி கிளின்ரனுக்கும் செய்தி எட்டியது. "இத்தாலிக்கு வந்திட்டு எங்களைப் பாக்காமல் போறதோ அண்ணை?" என்று அவன் குமுறினான். பலெர்மோ வேறு தீவு, நடுவில் கடல் இருக்கிறது என்று எமில்டா சொல்லிப் பார்த்தாள். கடல் இவர்களுக்கு எந்தக் காலத்தில் தடையாக இருந்திருக்கிறது? கிளின்ரன் மனுசி பிள்ளைகளோடு கப்பலில் வான் ஏற்றி வருவதாகச் சொன்னான். வரும்போது பலெர்மோ சங்கத்தின் பெரிய கிடாரம் இரண்டையும் கொண்டுவருவானாம். இருபத்தேழு பேருக்குச் சோறு வைக்க வீட்டுச் சட்டி காணாதல்லவா?

அந்தக் கிடாரம் என்ற சொல்லைக் கேட்ட அன்றே எமில்டாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். விளங்கியதுதான். ஆனாலும் ஹொட்டேல் இருக்கிறது, பல்கனி இருக்கிறது என்று பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எங்கேயாவது தங்கட்டும், என்னவாவது காய்ச்சட்டும், நானும் அவரும் எங்கள் அறையில் இருப்போம், காலமை அவர்கள் தருவதைச் சாப்பிடுவோம்.

ஓகஸ்ட் நடுவில் மேனுஷா போன் எடுத்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், அம்மா என்கிற சொல் மட்டும் தமிழ். அப்பா ஏன் ஹொட்டேலை வேண்டாமென்று விட்டார் என்று கேட்டாள்.

எமில்டா அடுப்பை நிற்பாட்டினாள். ஹோலுக்குப் போனாள். பெனடிக்ற் கண்ணாடியை மூக்கில் தொங்கவிட்டுக்கொண்டு பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஹொட்டேலை விட்டிட்டியளோ?"

"ஓம். சொல்ல மறந்துபோனன். எல்லாருக்கும் சேத்து ஒரு பெரிய பண்ணை வீடு எடுத்திருக்கு. பதினொரு அறை. நீர் குசினியைப் பாக்கவேணும் எமில்டா, எட்டு அடுப்பு! உமக்கெண்டே கட்டின மாதிரி."

"கடல்?"

"ஒன்பது கிலோமீற்றர். கிளின்ரன்ரை வான் இருக்குத்தானே."

அவர் அதை அவளுக்கு ஒரு பரிசாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. வேண்டுமென்று செய்கிறவனை வெறுக்கலாம், சண்டை பிடிக்கலாம். எட்டு அடுப்பைக் காட்டி, மனுசியின் முகம் மலருமென்று காத்திருக்கிற ஆளை என்ன செய்வது? எமில்டா அவரைப் பார்த்தாள். வழுக்கை, கண்ணாடி, காதில் பேனை. முப்பத்துமூன்று வருடம் இந்த மனிதனுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது என் கை மட்டும்தான் என்று நினைத்தாள். திரும்பிப் போய்ப் புட்டை அவித்து முடித்தாள். அந்தப் புட்டை அவர் நல்லாயிருக்கென்று சொன்னார்.

கடைசிக் கூட்டம் பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன். மண்டபம் நிறைந்திருந்தது. பெனடிக்ற் மைக்கை ஊதிப் பார்த்துவிட்டுப் பொறுப்புகளை வாசித்தார். செபமாலை, சுவர்ணா. பாட்டு, இன்னார். படம் பிடித்தல், இன்னார். வாகனம், கிளின்ரன். எல்லாப் பெயருக்கும் கைதட்டு.

"சமையல், எமில்டா," என்றார். அதற்குத்தான் பெரிய கைதட்டு. யாரோ விசிலும் அடித்தான்.

எமில்டா எழும்பினாள்.

"என்ரை பேரை வெட்டுங்கோ. நான் வரேல்லை."

சிரித்தார்கள். அவள் கதிரையில் திரும்ப இருக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"என்னக்கா, சுகமில்லையோ?" என்றாள் சுவர்ணா.

"நல்ல சுகம். எனக்குச் சமைக்க விருப்பமில்லை."

இதைவிடப் பெரிய பாவம் எதையாவது சொல்லியிருந்தால் அந்த மண்டபம் தாங்கியிருக்கும். விசுவாசம் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள், அவளுக்காக ஒன்பது நாள் செபம் வைத்திருப்பார்கள். சமைக்க விருப்பமில்லை என்பதற்கு அவர்களிடம் செபம் இல்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சுவர்ணா வாயைத் திறந்தாள்.

"அப்ப ஆர் சமைக்கிறது?"

எமில்டா காத்திருந்தாள். இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், உண்மையாகவே காத்திருந்தாள். சமைக்காட்டிப் பரவாயில்லை, நீங்கள் வாங்கோ அக்கா என்று இருபது பேரில் ஒருத்தர் சொன்னால் அவள் போயிருப்பாள். ஒருத்தர் போதும். பண்ணை வீட்டுக்கும் போயிருப்பாள், எட்டு அடுப்பில் ஒன்றையாவது மூட்டியும் இருப்பாள். "சோறு காய்ச்சத் தெரிஞ்ச ஆக்கள் கையை உயத்துங்கோ" என்றது ஒரு குரல். "கடையிலை எடுக்கலாமோ?" என்றது இன்னொன்று. "இத்தாலியிலை என்ன கடை?" என்றது மூன்றாவது. அவள் வருவதைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெனடிக்ற் மேடையில் நின்று வியர்த்தார். பிறகு, மைக் கையில் இருக்கிற ஆளுக்கு வருகிற துணிச்சலோடு, "ஒருத்தரும் பயப்பிடாதையுங்கோ. சமையல் என்ன பெரிய வேலையே? நான் பாக்கிறன்," என்றார். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், "சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனீரோ?" என்று கேட்டார்.

"சனம் முழுக்க உங்களோடைதானே வருகுது. அங்கையே சொல்லட்டும்," என்றாள் எமில்டா.

செப்ரெம்பர் பத்தாந் தேதி போனார்கள். பெட்டிக்குள் அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு, செபமாலை, எல்லாம். எமில்டா வாசலில் நின்று கையைக் காட்டினாள். பிறகு கதவைப் பூட்டிவிட்டு அடுப்படிக்குள் போய் அடுப்பைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே வந்து அந்தக் கதவையும் சாத்தினாள்.

அவள் கேட்டது ஒருத்தரும் இல்லாத ஊர். அவளை அறிந்த சனமெல்லாம் பிளேனில் ஏறிப்போய் ஹரோவையே அப்படி ஆக்கிக் கொடுத்துவிட்டது. கடலில்லை, கோட்டை மதிலில்லை, முதல் நாளே மழையும் பெய்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். மழையைப் பார்த்துக்கொண்டு அன்று கொஞ்சம் அழுதாள். ஆனால் தமிழ்க் கடையில் ஒருத்தரும் மறித்துக் கதைக்கவில்லை. ஒரு போன் வரவில்லை. ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் போலந்துக்காரி ஒருத்தியின் சாப்பாட்டுக் கடை இருந்தது. எமில்டா ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அங்கே போய் யன்னலோரம் இருப்பாள். முட்டை, தக்காளி, பாண். வேறொருத்தி சமைத்தது. பாண் கருகியிருந்தாலும் பேசாமல் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்தால் ஒரு பெண் வந்து பிளேற்றை எடுத்துக்கொண்டு போவாள். முதல் நாள் எமில்டா பழக்கத்தில் அதைத் தானே தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள். இரண்டாம் நாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அந்த யன்னலோரத்தில் இருக்கும்போது பெனடிக்ற் போன் எடுத்தார். எப்படி இருக்கிறீர், சாப்பிட்டீரா, ஒன்றும் இல்லை.

"எமில்டா, இருபத்தாறு பேருக்கு எத்தினை சுண்டு அரிசி?"

"பதினாலு போடுங்கோ."

"பதினாலோ? நான் நேற்று முப்பது போட்டனான். இண்டைக்கும் அதைத்தான் திண்டுகொண்டிருக்கினம், முகத்தைச் சுழிச்சுக்கொண்டு. காலமை இடியப்பம் இல்லையோ எண்டு கேக்கினம். நான் இடியப்பத்துக்கு எங்கை போக?"

"கடல் எப்பிடியப்பா?"

"என்னது?"

"கடல். அல்கேரோக் கடல்."

"ஆர் கண்டது! நேற்றுப் பின்னேரம் எல்லாரும் வானிலை போய் அந்த மதிலிலை நிண்டு சூரியன் மறையிறதைப் பாத்திட்டு வந்தவை. நான் ரெண்டு கிலோ வெங்காயம் உரிச்சனான்." குரலைத் தாழ்த்தினார். யாருக்கோ கேட்டுவிடும் என்ற பயம் அதில் இருந்தது. "எமில்டா, ஒருத்தரும் ஒரு கோப்பை கழுவினமில்லை. ஒரு கோப்பை!"

அவளுக்குப் பாவமாக இருக்கவில்லை. இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், இல்லை. அவருடைய குரலில் இருந்த ஆச்சரியம்தான் அவளைச் சுட்டது. அந்த மனிதனுக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. பாரிஸில், ஒஸ்லோவில், சூரிச்சில், ரொறன்ரோவில் பக்கத்து அறையில் இருந்தவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"ஓமப்பா," என்றாள். "கழுவாயினம்."

அவர் ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து சுவர்ணாவின் குரல், மைக் இல்லாமலே மண்டபத்தை நிரப்புகிற குரல்.

"பெனடிக்ற் அண்ணை! தேத்தண்ணி இன்னும் வரேல்லை!"

"கூப்பிடுகினம்," என்றாள் எமில்டா. "போங்கோ."